கால்மாட்டில் இரண்டு செங்கல்

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் மங்கையர்க்கரசி ஒரு நோட்டு போடச் சொன்னார். தினமும் வலி இருந்ததா, கசிவு இருந்ததா, எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று குறித்து, ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவர வேண்டும். குறித்துவிட்டேன். வலி லேசாக. கசிவு இல்லை. தூக்கம் நான்கு மணி நேரம். பக்கத்தில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. கோவில்பட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக உதவியாளர் வேலை பார்க்கிறேன். வெற்றிடம் விட்ட தாளைப் பார்த்தால் ஒன்று நிரப்ப வேண்டும், இல்லையென்றால் குறுக்கே கோடு போட்டு அடிக்க வேண்டும். நிரப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

விவரம்: நேற்று கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார்கள். இது மூன்றாவது. முதலாவது இருபதாவது வாரத்தில் போனது. இரண்டாவது இருபத்திரண்டில். இப்போது பதினான்கு. செவ்வாய்க்குச் செவ்வாய் வாரம் மாறும். பெயர் சொல்லி எழுத வேண்டி வந்தால், அலுவலகப் பழக்கத்தில் இதை மேற்படி என்றே எழுதுவேன். வேறு பெயர் வைக்கும் உத்தேசம் இல்லை.

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். கழிவறைக்கு மட்டும் எழுந்திருக்கலாம். செங்கல் கொண்டுவந்தது மாமா, அதாவது என் கணவரின் அப்பா. வைத்த பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கட்டிலில் வைத்து மட்டம் பார்த்தார். சரிவாக இருக்க வேண்டியதற்கு மட்டம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 14, சனி

வலி இல்லை. கசிவு இல்லை. தூக்கம் ஆறு.

கணவர் கோமதிநாயகம் அரசுப் பேருந்தில் நடத்துநர். கொடைக்கானல் வண்டி. ஒருநாள் போனால் மறுநாள்தான் திரும்புவார். வரும்போது சாக்லேட் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். மூன்று பந்து கம்பளி நூலும் ஒரு சாண் தாண்டிய இரண்டு ஊசிகளும் வாங்கி வந்தார். சாக்லேட் எங்கே என்றேன். மறந்துவிட்டதாம்.

இது எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாயே, கைக்கு வேலையாக இருக்கட்டும் என்றார். எனக்குப் பின்னத் தெரியாது. கோவில்பட்டியில் கம்பளி போடுகிற ஆளையும் நான் பார்த்ததில்லை. நிறங்கள்: பழுப்பு, சாம்பல், கரும்பச்சை. மூன்றும் ஓய்வூதியக்காரர்களின் நிறம்.

வெளியே தொண்ணூற்றெட்டு டிகிரி.

மார்ச் 19, வியாழன்

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. பஞ்சாபோ என்னவோ, ஒரு அம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து பின்னுகிறார். பேசுவது இந்தி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கை மெதுவாகப் போகிறது. முதலில் ஊசியில் வரிசையாகக் கண்ணி ஏற்ற வேண்டும். பிறகு இரண்டாவது ஊசியை ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விட்டு, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே இழுத்து, பழைய கண்ணியைக் கழற்றிவிட வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவுக்கு எனக்கு நான்கு நாள் ஆனது.

கட்டில் சரிவாக இருப்பதால் நூல் பந்து தலைமாட்டுக்கு உருண்டு சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. நான் குனியக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அத்தை வந்து எடுத்துக் கொடுக்கிறார். இன்று பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை ஒரு சருவச் சட்டியைக் கொண்டுவந்து பந்தை அதற்குள் போட்டு என் தோளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 27, வெள்ளி

ஒன்பதாவது முறையாகப் பிரித்தேன். இதில் எனக்குப் பிடித்தது இதுதான். தப்பு வந்தால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும், கடகடவென்று பிரிந்து பழையபடி நூலாகிவிடுகிறது. ஒரு காயம் இல்லை, வடு இல்லை. பதிவான பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழைக்கு நாங்கள் மனிதர்களை எத்தனை நடை நடக்க விடுகிறோம். இங்கே இழுத்தால் போதும்.

பத்தாவது முறை இருபது வரிசை சரியாக வந்தது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. கடைசியாக எப்போது இப்படி இருந்தது என்று யோசித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வலி இல்லை. கசிவு இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அலுவலகத்திலிருந்து ஸ்டெல்லா பேசினாள். பின்னுகிறேன் என்று சொன்னதும், அப்படியானால் பிள்ளைக்கு ஒரு சாக்ஸ், ஒரு குல்லா போட வேண்டியதுதானே என்றாள். அவளுக்கு விளக்கினேன். இந்த வீட்டில் பிள்ளை பிறந்து கைக்கு வரும்வரை அதற்கென்று ஒரு துணி எடுக்கக் கூடாது, தைக்கக் கூடாது, பெயர் பேசக் கூடாது. அத்தையின் கண்டிப்பு. அத்தை என்னிடம் நேரில் சொன்னதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், முதலாவது போன பிறகு, கோமதிநாயகம் மூலமாகச் சொல்லி அனுப்பினார். பக்கத்து அறையிலிருந்து ஆணை வருவது எங்கள் அலுவலகத்திலும் உண்டு. நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அதுதான் சௌகரியம்.

அப்படியானால் அந்தக் கம்பளியை யாருக்குத்தான் போடுகிறாய் என்று கேட்டாள். கோமதிநாயகத்துக்கு மஃப்ளர் என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

மஃப்ளர் முடிந்தது. கழுத்தை மூன்று சுற்றுச் சுற்றிய பிறகும் முழங்கால் வரை தொங்குகிறது. எங்கே நிறுத்துவது என்பதல்ல, எப்படி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. வீடியோவில் அந்த அம்மாள் முடிக்கும் இடம் வரும்போதெல்லாம் நெட் போய்விட்டது. நெட் வரும்வரை பின்னிக்கொண்டே இருந்தேன்.

கோமதிநாயகம் அதைச் சுற்றிக்கொண்டு டியூட்டிக்குப் போனார். கொடைக்கானலில்தானே குளிர், இங்கிருந்தே எதற்கு என்றேன். கையில் பிடித்தால் டிக்கெட் மெஷினில் சிக்குகிறதாம்.

ஏப்ரல் 14, செவ்வாய். சித்திரை ஒன்று

பத்தொன்பது.

மாமாவுக்குக் குரங்குக் குல்லா முடித்தேன். சாம்பல் நிறம். அத்தை வேப்பம்பூப் பச்சடி கொண்டுவந்தபோது மாமா அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூற்று இரண்டு டிகிரி. அதோடு டீக்கடைக்கும் போய் வந்தார். காய்ச்சலா, காதுவலியா என்று எல்லோரும் விசாரித்தார்களாம். மருமகள் போட்டது என்று சொன்னாராம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். இதைச் சொல்லும்போது மாமாவின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கிச் சொட்டியது. கழற்றுங்கள் மாமா என்றேன். இருக்கட்டும் என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இருபது.

வலி இல்லை. கசிவு இல்லை. தூக்கம் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு வரிசை.

ஏப்ரல் 22, புதன்

நேற்றுப் பின்னியது என்ன என்று இன்று பார்த்தேன். ஒரு சதுரம். பெரியது. எதற்கும் ஆகாது. மிக்ஸிக்கு உறை என்று முடிவு செய்து மூலைகளைச் சேர்த்துத் தைத்தேன். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மிக்ஸிக்கு என்ன குளிரவா செய்கிறது என்று கேட்டார். பிறகு அதைத் துடைத்து, உறையை மாட்டி, ஒருமுறை எட்ட நின்று பார்த்தார்.

மே 5, செவ்வாய்

இருபத்திரண்டு. அக்னி நட்சத்திரம் நேற்று தொடங்கியது.

வலி இல்லை. கசிவு இல்லை. ரிமோட்டுக்கு உறை. டார்ச் லைட்டுக்கு உறை. தண்ணீர் பாட்டிலுக்கு உறை.

மே 6, புதன்

இரும்புப் பெட்டிச் சாவிக்கு உறை. நூல் தீர்ந்துவிட்டது. கோமதிநாயகம் டியூட்டியை மாற்றிக்கொண்டு இரண்டு நாளாக வீட்டில் இருக்கிறார். காரணம் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்குப் பேப்பர் வாசிக்கிறார். இன்று மணமகள் தேவை விளம்பரங்கள் முழுவதையும் வாசித்துவிட்டார். நானும் கேட்டேன்.

மே 12, செவ்வாய்

இருபத்துமூன்று. இந்த எண்ணை நான் இதுவரை எழுதியதில்லை.

மாமாவின் வேட்டிகள் காணாமல் போகின்றன. நல்லதை விட்டுவிட்டுப் பழையதாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். இதுவரை மூன்று. மொட்டை மாடிக் கொடியில் தேடினார், பக்கத்து வீட்டுக் கொடியையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வந்தார். அத்தை தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அத்தை இப்படி உடனே பதில் சொல்கிற ஆள் இல்லை.

மே 19, செவ்வாய்

இருபத்துநான்கு. பரிசோதனை. வாடகைக் காரில் படுக்க வைத்துக் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் நோட்டைக் கேட்டார். கொடுத்த பிறகுதான் இதில் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. டாக்டர் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினார். முடித்துவிட்டு, சாவிக்கு எதற்கு உறை என்று மட்டும் கேட்டார். பிறகு ஸ்கேன் பார்த்தார். தையல் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். இனி ஒருவேளை முன்கூட்டி வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்ற முயற்சி செய்யலாமாம். முயற்சி என்ற வார்த்தையை வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

இனி மருத்துவ விவரங்களைத் தனித் தாளில் எழுதுவது என்று முடிவு.

சாயங்காலம், கோமதிநாயகம் புதிதாக வாங்கி வந்திருந்த நூல் பந்து, வயிற்றின் மேல் வைத்திருந்தபோது தானாக உருண்டது. அத்தை பார்த்துவிட்டார். ஃபேன் காற்று என்றேன். அப்போது கரண்ட் இல்லை. அத்தை ஆமாம் காற்றுதான் என்று சொல்லிவிட்டு, பந்தை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் உருண்டது.

ஜூன் 9, செவ்வாய்

இருபத்தேழு. இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

இந்த முறை கோமதிநாயகம் வாங்கி வந்த நூல் பந்தாக இல்லை, சிட்டமாக, பெரிய வளையமாகச் சுற்றி இருந்தது. அப்படியே பின்னினால் சிக்கிவிடும். ஒருவர் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு நிற்க, இன்னொருவர் பந்தாகச் சுற்ற வேண்டும். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். நான் சுற்றினேன். பாதிச் சிட்டம் சுற்றியாயிற்று. கை இரண்டும் மாட்டியிருக்கும்போது அத்தையால் எழுந்து அடுப்படிக்குப் போக முடியாது என்பதை நான் கவனித்தேன். என்னாலும் எழுந்து போக முடியாது என்பதை அத்தை கவனித்திருக்க வேண்டும்.

"ஏளா செண்பகம், உங்க வீட்டுப் பழக்கத்துல நான் தலையிடக் கூடாதுதான். இருந்தாலும் கேக்கேன். பிள்ளைக்கு ஒரு குல்லாகூடவா போடக் கூடாது?"

எங்கள் வீட்டுப் பழக்கம் என்ன என்று கேட்டேன்.

"பெறக்கதுக்கு முன்ன ஒண்ணும் எடுக்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு. கோமதி சொன்னான்லா. நானும் வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

அது அத்தை போட்ட சட்டம் அல்லவா என்றேன். அத்தை கையை இறக்கிவிட்டார். சிட்டம் மடியில் விழுந்தது.

"எனக்கு எங்கேருந்துளா வந்துச்சு சட்டம்? கோமதி வயித்துல இருக்கையில ஆறு சட்ட தச்சு வச்சிருந்தேன்."

என் அம்மா இறந்து எட்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் உண்டா என்று அத்தை விசாரிக்க வழியில்லை. அத்தையிடம் நேராகக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஐந்து வருடமாக அவர் எனக்குப் பயந்து நடந்திருக்கிறார், நான் அவருக்குப் பயந்து நடந்திருக்கிறேன். ஆணை பிறப்பித்த நபர் கொடைக்கானல் வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை எழுந்து போய் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தார். மாமாவின் வேட்டிகள். கிழித்து, ஓரம் மடித்து, வெந்நீரில் போட்டு அலசி, அடுக்கி வைத்திருந்தார். இருபத்துநான்கு துண்டு. பழையதை எடுப்பது புதிதாக எடுப்பதில் சேராது என்று அவராக ஒரு விதிவிலக்கு கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் உட்கார வைக்கலாம்.

ஜூன் 10, புதன்

கோமதிநாயகம் மத்தியானம் வந்தார். பையை வைக்கும் முன்பே கேட்டுவிட்டேன். முதலில், அம்மாதான் சொன்னது என்றார். அம்மா அடுப்படியில் இருக்கிறார், கூப்பிடவா என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். பையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் தீபாவளிக்குத் திருநெல்வேலியில் ஜவுளி எடுக்கப் போனவர், எங்கள் துணிகளோடு சின்னச் சட்டை ஒன்றும் எடுத்து வந்தார். மஞ்சள். முன்பக்கம் முயல். அப்போது பதினெட்டாவது வாரம். நான் அதைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் தலையணைக்கு மாட்டிப் பார்த்தேன். சட்டையின் கையைத் தூக்கி இறக்கினேன். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சட்டை வீட்டில் இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாந்தான அந்தச் சட்டைய எடுத்துட்டு வந்தேன். எடுக்காம இருந்திருந்தா நின்னிருக்கும்னு ஒரு நெனப்பு. மறுபடி யாரும் எதையும் கொண்டாந்துரக் கூடாதுன்னுதான் ரெண்டு பேர்ட்டயும் மாத்தி மாத்திச் சொல்லி வச்சேன்."

நான் அதைத் தலையணைக்கு மாட்டிப் பார்த்ததால்தான் போனது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். ஒரே சட்டைக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறோம்.

அத்தை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போல. கையில் தேங்காய் மூடி. உள்ளே வரவில்லை, அங்கிருந்தே சொன்னார்.

"ரெண்டாவதுக்கு ஒண்ணுமே எடுக்கலையே. அது மட்டும் நின்னுதா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மிக்ஸி ஓடும் சத்தம் வந்தது. நான் அழுதேன். கோமதிநாயகமும் அழுதார். மிக்ஸி வெகுநேரம் ஓடியது. துவையல் கூழாகிவிட்டது.

ஜூன் 13, சனி

என்ன நிறத்தில் நூல் வேண்டும் என்று கோமதிநாயகம் போனில் கேட்டார். கடையில் நிற்கிறாராம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்ததைப் பார்த்தேன். தாமரைப்பூ நிறம். தொட்டால் கையில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு மெத்து. அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

ஜூன் 16, செவ்வாய்

இருபத்தெட்டு. ஸ்டெல்லாவுக்குக் கைப்பை பின்னுகிறேன். கரும்பச்சை.

ஜூன் 24, புதன்

கைப்பை முடிந்தது. அலமாரியில் இருப்பது அலமாரியில் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அத்தை சொன்னது நியாயம்தான், மனசுக்கும் தெரிகிறது, கைக்குத்தான் தெரியவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மாமா மட்டும் ஒருநாளைக்கு இரண்டு முறை அலமாரியைத் திறந்து எதையோ தேடிவிட்டு மூடுகிறார்.

ஜூன் 30, செவ்வாய்

முப்பது.

காலையில் விழித்ததும் இடது விலாவில் ஓர் உதை. கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். போவதாக இருந்தால் குல்லா போட்டதால் போகப் போவதில்லை. போடாததால் நிற்கப் போவதும் இல்லை. முதலாவதற்கு ஒரு சட்டையாவது இருந்தது. இரண்டாவதற்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பயத்தில் அதை ஒரு விருந்தாளி மாதிரிகூட நடத்தவில்லை. அதுதான் எனக்கு இப்போது அதிகம் வலிக்கிறது. இது இருக்கிற நாள்வரைக்கும் இதற்கு ஒரு குல்லா போட்டுக்கொடுக்க ஓர் அம்மா இருந்தாள் என்றாவது இருக்கட்டும்.

அத்தையை அழைத்து நூலை எடுத்துத் தரச் சொன்னேன். கண்ணி ஏற்றினேன். எழுபத்திரண்டு. குல்லா. குழந்தைக்கு.

ஜூலை 3, வெள்ளி

பிரித்தேன். அளவு தெரியவில்லை. மஃப்ளருக்குக் கழுத்து இருந்தது, மாமாவுக்குத் தலை இருந்தது. இதற்கு எதை வைத்து அளப்பது? அத்தை உரித்த தேங்காய் நான்கைக் கொண்டுவந்து கட்டிலில் வரிசையாக வைத்தார். கட்டில் சரிவு காரணமாக நான்கும் என் கழுத்துக்கு வந்து சேர்ந்தன. கோமதி பிறந்தபோது தலை இந்தக் கணக்கு இருந்தது என்று இருப்பதிலேயே பெரியதைக் காட்டினார். மாமா அவ்வளவு இல்லை, இதுதான் என்று இன்னொன்றைக் காட்டினார். பெற்றது யார் என்று அத்தை கேட்டார். மாமா தேங்காயைக் கீழே வைத்துவிட்டார்.

பெரிய தேங்காய்க்கு அளவெடுத்து எண்பது கண்ணி ஏற்றினேன். தேங்காய் தலைமாட்டிலேயே இருக்கிறது. சட்னிக்கு எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

ஜூலை 14, செவ்வாய்

முப்பத்திரண்டு. மெதுவாகப் பின்னுகிறேன். இதுவரை பின்னியதெல்லாம் நேரம் போக வேண்டும் என்று பின்னியது. இதில் ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசைக்கு மனசு பறக்கிறது. உடனே முடிந்துவிடுமோ என்று வருத்தமாகவும் இருக்கிறது. கண்ணியைக் கழற்றும்போது ஊசியில் வரும் அந்தச் சின்னச் சத்தம் இருக்கிறதே, அதற்கே இன்னும் பத்துக் குல்லா போடலாம். உள்ளேயிருப்பவர் அந்த நேரத்தில் உதைப்பதில்லை. கேட்கிறார் போலிருக்கிறது.

ஜூலை 27, திங்கள்

காலை பத்தரை. படுக்கை நனைந்தது. முப்பத்துநான்குக்கு ஒருநாள் பாக்கி. மாமா கார் பிடிக்கப் போயிருக்கிறார், குரங்குக் குல்லாவோடு. அத்தை பீரோவைத் திறந்து துணிகளைப் பையில் அடுக்குகிறார். கோமதிநாயகம் வண்டி வத்தலக்குண்டு தாண்டிவிட்டதாம், இறங்கி எதிர் வண்டி பிடித்து வருகிறாராம். குல்லாவில் ஆறு வரிசை பாக்கி. எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 30, வியாழன்

பெண். திங்கள் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு. ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது கிராம். பிறந்ததும் அழவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று எண்ணியபோது அழுதாள். அதன் பிறகு அழுதது நான்.

மூச்சு அவளாகவே விடுகிறாள். பாலைக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் வெதுவெதுப்பில் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டும். எடை ஏறினால் வீட்டுக்கு அனுப்புவார்களாம். டாக்டர் இப்போது முயற்சி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

பாக்கி ஆறு வரிசையை வார்டில் முடித்தேன். இடது கையில் ட்ரிப் ஊசி இருந்ததால் நேரம் பிடித்தது. இன்று காலை என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சிஸ்டர் குல்லாவை வாங்கி அவளுக்கு மாட்டினார். நெற்றி, கண், மூக்கு எல்லாம் மறைந்து வாய் மட்டும் வெளியே இருந்தது. கொட்டாவி விட்டாள். கோமதிநாயகம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அம்மா சொன்ன அளவு தப்பு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

தலைக்குக் கட்டாயம் குல்லா வேண்டும், சூடு தங்க வேண்டும், இதைப் பிரித்துச் சின்னதாகப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் சிஸ்டர். சின்னதாக வேறு ஒன்று சாயங்காலத்துக்குள் தருகிறேன் என்று சொல்லி, அளவு நாடா கேட்டு வாங்கினேன். கையைக் கழுவிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே விட்டு, நானே அளந்தேன். முப்பது சென்டிமீட்டர். தலை என் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

நூல் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, பெரிய குல்லாவைப் பிரித்தால் தாராளமாக வரும் என்று அத்தையும் சொன்னார். மிச்ச நூலிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரியதைப் பிரிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மார்கழியில் குளிரும். அதற்குள் அவளுக்குச் சரியாக வந்துவிடும்.